அக்கா என்ற சொல்லுக்கு ஆங்கிலம்

ரிச்மண்ட், கனடா
2 அக்டோபர் 2011

லின்,

கிழித்துப் போடுவதற்கு முன் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. நாம் பேசி ஒரு வருடம் ஆகிறது. விமான நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் நீ கேட்டதை நான் மறக்கவில்லை. "பையனத் தூக்கிட்டுப் போற, பொண்ண விட்டுட்டுப் போற. அவ என்ன, எடை கூடிப்போன பெட்டியா?" என்றாய். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் நீ ஊரார் பிள்ளைகளுக்கு நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொடுக்கிறாய் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சமாதானம் பேச எழுதவில்லை. போனில் ஆரம்பித்தால் கத்தலில் முடியும் என்பதால் கடிதம். ஹேதுங் இப்போது ஆறாம் வகுப்பு. அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளி. மலைச்சரிவில் இருக்கும் அந்த ஆங்கிலப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஜனவரியில் நேர்முகம், முழுக்க முழுக்க ஆங்கிலத்தில். மதிப்பெண்ணில் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தால்தான் பிரச்சினை. தெரியாத ஆள் ஒரு கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறாள்.

அந்தப் பள்ளி கிடைத்தால் அவள் வாழ்க்கை ஒரு வழிக்கு வந்துவிடும். கிடைக்காவிட்டால் வீட்டுப் பக்கத்துப் பள்ளிதான். அங்கே படித்த நம் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் பேச வர எத்தனை வருடம் ஆனது என்று உனக்கே தெரியும். நீ அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் வீட்டுக்குப் போ. அவள் அப்பா ராத்திரிதான் வருவார். வேலைக்கு மூர்னி இருக்கிறாள், ஜாவாப் பெண், உனக்குத் தெரியும். கேட்டால் டீ போட்டுக் கொடுப்பாள்.

என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளை மேல் காட்டமாட்டாய் என்று நம்புகிறேன்.

சுக்ஹான்


ஷா டின், ஹாங்காங்
17 அக்டோபர் 2011

அக்கா,

கிழிக்கவில்லை. பெட்டி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், ஆனால் அதை விமான நிலையத்தில் சொல்லியிருக்க வேண்டாம். இதற்கு மேல் மன்னிப்பு என்னிடம் இல்லை.

உன் பெண்ணைப் பார்த்தேன். என் தோள் உயரம் வந்துவிட்டாள். "உன்னைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் எழுந்து நின்று, கைகளை ஒட்டவைத்துக்கொண்டு, மெட்ரோ ரயிலில் கதவு மூடும் அறிவிப்பு வருமே, அதே குரலில் ஆரம்பித்தாள். தான் உற்சாகமும் பொறுப்பும் நிறைந்த மாணவியாம். புத்தகம், நீச்சல், பியானோ பிடிக்குமாம். "பொறுப்புன்னா? வீட்ல என்ன பொறுப்பு உனக்கு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு முதலிலிருந்து ஒப்பித்தாள். இதை எழுதிக்கொடுத்த புண்ணியவான் யார்? நீயாகத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியை காலையிலிருந்து நூறு பிள்ளைகளைக் கேட்டுக் காது புளித்துப்போனவள். புத்தகம், நீச்சல், பியானோ மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். உண்மையாக ஒன்றைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவாள். அதனால் என் வகுப்பில் 'அன்பானவர்', 'கடின உழைப்பாளி', 'என் முன்மாதிரி' மூன்றுக்கும் தடை. வீட்டில் ஒரு ஆளை எடுத்துக்கொள், அந்த ஆள் செய்வதை நீ உன் கண்ணால் பார்த்தபடி சொல், அவ்வளவுதான்.

"கண்ணால பார்த்தது மட்டுந்தானா சித்தி? நல்லதா இல்லன்னா?"

"நல்லதா இல்லன்னாலும்."

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்பா ஷூ கழட்டும்போது பெருமூச்சு விடுவாரு, அப்புறம் நாங்க இருக்கமான்னு திரும்பிப் பார்ப்பாரு" என்றாள். தப்பும் தவறுமான ஆங்கிலம்தான். ஆனால் நான் கைதட்டினேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ! "அக்கா, சித்தி கைதட்டினாங்க!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். அங்கிருந்து மூர்னி, "கேட்டுச்சு, கேட்டுச்சு. ஒரு தடவைதானே தட்டினாங்க?" என்றாள். மூர்னி கேலி செய்தால்தான் உன் பெண் சிரிக்கிறாள். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

லின்


ரிச்மண்ட்
3 நவம்பர் 2011

லின்,

அப்பாவின் பெருமூச்செல்லாம் பள்ளிக்கு எதற்கு? வீட்டில் ஏதோ கஷ்டம் என்று நினைக்கமாட்டார்களா?

நிஜமான விஷயம்தான் வேண்டும் என்றால் என்னைப் பற்றிச் சொல்லட்டும். நான் எழுதி அனுப்புகிறேன், நீ ஆங்கிலத்தைச் சரிபார். வங்கியில் ஒரு கிளைக்கே மேலாளராக இருந்தவள், பள்ளிக்கூடம் என்றாலே வாந்தி எடுக்க ஆரம்பித்த பையனைக் காப்பாற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறாள். ஒரு வீட்டின் நிலவறையில் குடியிருக்கிறாள். மேலே வீட்டுக்காரர் நடந்தால் இவள் சோற்றில் தூசி விழுகிறது. அவ்வளவிலும் தினமும் பெண்ணுக்குப் போன் செய்கிறாள். இது உண்மை இல்லையா? இதைக் கேட்டு எந்த ஆசிரியை கொட்டாவி விடுவாள்?

'தியாகம்' என்ற சொல் கட்டாயம் வர வேண்டும்.

இன்னொன்று. பாடம் நடக்கும்போது மூர்னியைப் பக்கத்தில் விடாதே. அவளுக்கு ஆங்கிலம் நாலு வார்த்தை. அதையும் பிள்ளைக்கு ஒட்டவைத்துவிடுவாள்.

சுக்ஹான்


ஷா டின்
15 ஜனவரி 2012

அக்கா,

நேற்று நேர்முகம். அத்தான் போனில் "சின்னக் குழப்பம், சரியாயிடுச்சு" என்று சொல்லியிருப்பார். அது சின்னக் குழப்பம் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு ஆசிரியர். ஹேதுங்குக்கு வாய்த்தது தலைமை ஆசிரியையே. மிஸஸ் பென்ரோஸ், நியூசிலாந்துக்காரர், வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறதாம். நல்ல அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். உள்ளே போகும்போது அவள் காதில், "அம்மாவப் பத்தி அழகா சொல்லு. வாய்ல வரலன்னா கண்ணால பார்த்தத சொல்லு" என்றேன்.

மற்ற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இவள் வரவில்லை. எனக்குப் பிறகு உட்கார்ந்த அம்மாவின் பிள்ளைகூட வந்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் கதவு திறந்தது. பென்ரோஸ் தனியாக வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. என்னை ஒரு காலி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "உங்க வீட்டுப் பெரிய பொண்ணப் பத்தி நான் கொஞ்சம் பேசணும்" என்றார்.

"ஹேதுங்தான் பெரியவ. அடுத்தது தம்பி, கனடால இருக்கான்" என்றேன்.

"அவளோட சிஸ்டர்?"

"அவளுக்கு சிஸ்டரே கிடையாது மேடம்."

அவர் ஒரு அடி பின்னால் போனார், அக்கா. கையில் இருந்த தாளை என் முன்னால் வைத்து, ஹேதுங் சொன்னதை எல்லாம் ஒன்றொன்றாகச் சொன்னார். வீட்டில் மிகவும் பிடித்தது யார் என்ற கேள்விக்கு அவள் 'மை சிஸ்டர்' என்றாளாம். சிஸ்டருக்கு இருபத்து நாலு வயது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து சமைப்பாள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போகலாம், இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும். கட்டில் கிடையாது. சமையலறையில் துணி துவைக்கும் மெஷினுக்கு மேல் ஒரு பலகை, அதில் படுப்பாள். நிமிர்ந்து உட்கார முடியாது, தலை இடிக்கும். அம்மாவை நினைத்து அழுவாள், ஆனால் அம்மாவைப் பார்க்கப் போக விடமாட்டார்கள். "ஏன் விடமாட்டாங்க?" என்று கேட்டதற்கு, "அப்பா அவள விட்டா வீட்டு வேலைய யாரு செய்வா?" என்றாளாம்.

நீயே யோசித்துப் பார். ஒரு ஆசிரியை காதில் இது விழுந்தால்? விண்ணப்பத்தில் இல்லாத ஒரு பெண், அதோடு வைத்த குடும்பப் படத்தில் இல்லாத ஒரு பெண், சித்தி வேறு அப்படி ஒருத்தியே கிடையாது என்று சாதிக்கிறாள்!

அந்தப் பலகையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யாரைச் சொல்கிறாள் என்றே புரியாமல், "குழந்தை கற்பனை பண்ணிச் சொல்றா" என்று உளறினேன். அதுதான் வினையாகப் போனது. பள்ளியின் சமூக சேவகரைக் கூப்பிட்டார்கள். "இப்பவே வீட்டப் பார்க்கலாமா? மறுத்தா போலீஸுக்குச் சொல்லவேண்டி வரும்" என்றார் அவர், மரியாதையாகவே. அத்தானுக்குப் போன் போட்டுவிட்டு நாலு பேரும் ஒரே டாக்ஸியில் போனோம். ஹேதுங் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, நான் நிறைய பேசினேன். அவங்க நிமிர்ந்து உட்கார்ந்துட்டாங்க!" என்றாள், அத்தனை சந்தோஷமாக.

கதவைத் திறந்தது மூர்னி. கை ஈரம். பென்ரோஸ் அவளைப் பார்த்ததும் குரல் தழுதழுக்க, "நீதான் ஹேதுங்கோட சிஸ்டரா?" என்றார். மூர்னி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வீட்டில் எல்லோரும் அக்கா என்றுதானே கூப்பிடுகிறோம்? "யெஸ் மேடம், சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்போதுதான் எனக்குப் பளீரென்று விளங்கியது. வாயைத் திறப்பதற்குள் அத்தான் வியர்க்க வியர்க்க ஓடிவந்தார். "ஐயோ மேடம், வேலைக்காரப் பொண்ணு மேடம்! பிள்ளைங்க மரியாதைக்கு அக்காம்பாங்க. ஹெல்பர்! ஹெல்பர்!"

முதலில் சிரித்தது அந்தச் சமூக சேவகர். நம் ஊர்க்காரர், அவர் வீட்டிலும் ஒரு அக்கா இருப்பாள். பிறகு அத்தான். பென்ரோஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, "கடவுளே, ஹெல்பரா! நான் என்னென்னவோ நினைச்சிட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மூர்னியும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்துவிட்டு எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள். பென்ரோஸ் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். மார்ச்சில் இரண்டாம் சுற்றுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

கோப்பையை வைக்கச் சமையலறைக்குப் போனேன். பலகை இருந்தது. குழந்தை சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒரு தலையணை, மடித்த போர்வை, சுவிட்சுப் பெட்டியை மறைத்து ஒரு துண்டு. மேலே அலமாரி. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பலகை மொத்தமும் கிடுகிடுவென்று ஆடியது.

"இதுல எப்படித் தூங்குற?" என்றேன்.

"தூங்கும்போது ஓடாது மிஸ். நான் தூங்கிட்டா துணி போடுறதுக்கு ஆளு யாரு?" என்று சிரித்தாள்.

இதற்காகத்தானே அந்த அம்மாள் வெளிறிப்போனார், டாக்ஸி பிடித்து ஓடிவந்தார்? அந்தப் பலகை அங்கேயேதான் இருக்கிறது. அதில் படுப்பவளும் அங்கேதான் நிற்கிறாள். ஹெல்பர் என்று ஒரு சொல் சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டதே, அது எப்படி? சமையலறை வரைக்கும் ஒருவர்கூடப் போகவில்லை. நானும் கோப்பைக்காகத்தான் போனேன்.

அக்கா, ஹேதுங் தம்பியின் அறை ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை மூர்னிக்குக் கொடு. உன்னிடம் இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்லை.

லின்


ரிச்மண்ட்
29 ஜனவரி 2012

லின்,

படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சீனப் புத்தாண்டு அதுவுமாக ரொட்டிக்கடைக்கு லீவு சொன்னேன். பையன் "அம்மா, யாரு செத்துட்டாங்க?" என்று கேட்கிறான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையா? நான் எழுதி அனுப்பியது? வீட்டில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் என் வயிற்றில் பிறந்தவள் வேலைக்காரியைச் சொல்கிறாள், நீ பலகையைப் பற்றி எழுதுகிறாய்! பலகை, பலகை, பலகை. உனக்கு அதுதான் அதிர்ச்சி. எனக்கு எது அதிர்ச்சி என்று உனக்குத் தோன்றவே இல்லை.

அவளை அக்கா என்று கூப்பிடப் பழக்கியவள் நான். வந்த புதிதில் ஹேதுங் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், வாயில் ஒரு தட்டுத் தட்டினேன். மரியாதை தெரிந்த பிள்ளையாக வளரட்டும் என்று. அந்த மரியாதை இப்போது என் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

நானும் நிலவறையில்தான் படுக்கிறேன். எனக்காக எந்தத் தலைமை ஆசிரியை டாக்ஸி பிடித்து வந்தாள்? தம்பியின் அறை தம்பிக்குத்தான். அவன் மனசு மாறி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அதைப் பற்றி இனி எழுதாதே. நம் ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான். நீ மட்டும் நேற்றுப் பிறந்தவளா?

இப்போது முக்கியம் இரண்டாம் சுற்று. அந்த அம்மாள் கட்டாயம் இதைத்தான் மறுபடி கேட்பாள். ஹேதுங் திரும்பவும் சிஸ்டர் என்றால் இடம் போயிற்று. பைத்தியக்காரக் குடும்பம் என்று ஒதுக்கிவிடுவார்கள். 'ஹெல்பர்' என்று சொல்லப் பழக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதுதான் வர வேண்டும். வீட்டிலும் இனி அக்கா வேண்டாம். நாக்குப் பழகிவிட்டால் நேர்முகத்திலும் வந்துவிடும். உன் கண்ணால் பார்த்த உண்மை எல்லாம் போதும்.

இடம் கிடைத்த பிறகு மூர்னியை மாற்றிவிடலாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சுக்ஹான்


ஷா டின்
11 மார்ச் 2012

அக்கா,

இடம் கிடைத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ காத்துக்கொண்டிருப்பாய்.

நீ சொன்னபடிதான் செய்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளையின் இடம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது என்று நீ எழுதியது நிஜம். அந்த அறைக்குள் என் கொள்கையைப் பிள்ளை தலையில் சுமத்தி அனுப்ப எனக்கு என்ன உரிமை? அதனால் உட்காரவைத்துச் சொன்னேன்.

"ஆங்கிலத்துல சிஸ்டர்னா கூடப் பிறந்தவ மட்டுந்தான். மூர்னிக்கு ஹெல்பர்னு சொல்லணும்."

"ஹெல்பர்னா உதவி பண்றவங்க தானே? நானும்தான் உங்களுக்குப் பை தூக்குறேன். நான் ஹெல்பரா?"

"நீ இல்ல. வீட்ல வேலை செய்யறவங்க."

"அப்பா வேலை செய்யறாரு."

"வாயாடாத ஹேதுங். கூலி வாங்கிட்டு நம்ம வீட்ல இருக்கறவ. நம்ம சொந்தம் இல்ல. புரிஞ்சுதா?"

அவள் நகத்தைக் கடித்தாள். "அப்ப அக்கான்னு கூப்பிடச் சொன்னது பொய்யா சித்தி?"

ஒரு மழுப்பு மழுப்பினேன். மரியாதைக்குச் சொல்வது வேறு, நிஜம் வேறு என்றேன். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது என்றும் சொன்னேன். அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. அவமானம் பிடுங்கித் தின்றிருக்க வேண்டும். பெரியவர்கள் அத்தனை பேரும் அன்று ஏன் சிரித்தார்கள் என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தனக்கு மட்டும் அது தெரியாமல் போயிருக்கிறதே என்று அன்று அவளுக்கு உறைத்தது. அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நேற்று என்னையும் அத்தானையும் உள்ளே உட்காரவைத்தார்கள். பென்ரோஸ் சிரித்துக்கொண்டே, "போன தடவை என்னை நல்லா ஓடவெச்சிட்ட. அந்தப் பொண்ணு யாருன்னு இப்பச் சொல்லு பார்க்கலாம்" என்றார். ஹேதுங் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள். "அவ எங்க ஹெல்பர் மட்டுந்தான் மேடம். என்னோட ஆங்கிலப் பிழை அது. மன்னிச்சிடுங்க." அந்த 'மட்டும்' நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அப்புறம் உன்னைப் பற்றிச் சொன்னாள். ரொட்டிக்கடை, நிலவறை, சோற்றில் விழும் தூசி எல்லாம். 'தியாகம்' வந்தது. பென்ரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே கைகுலுக்கி, "எங்க பள்ளிக்கு வா" என்றார்.

ராத்திரி அத்தான் வறுத்த வாத்து வாங்கிவந்தார், நானும் சாப்பிட உட்கார்ந்தேன். மூர்னிக்கு என்னைவிடச் சந்தோஷம். தன் ஞாயிற்றுக்கிழமையில் எங்கோ தேடி ஒரு பேனா வாங்கி, பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். "பெரிய பள்ளிக்கூடத்து அம்மா, இந்தாங்க" என்று கேலியாக நீட்டினாள். ஹேதுங் வாங்கி மேசையில் வைத்தாள். பிரிக்கவில்லை. சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "மூர்னி, தண்ணி" என்றாள்.

அத்தான் கவனிக்கவில்லை. மூர்னி அந்தப் பொட்டலத்தை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்தாள். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அங்கிருந்து கேலிச் சத்தம் ஒன்றும் வரவில்லை. நீ அன்று தட்டிய மாதிரி அந்த வாயில் ஒரு தட்டுத் தட்டக் கை பரபரத்தது. எந்த முகத்தோடு தட்டுவேன்?

அவளை மாற்றுவது உன் இஷ்டம். ஆனால் போகும்வரைக்குமாவது அவளுக்கு ஒரு அறை கொடு. இதற்கு மேல் கேட்கமாட்டேன்.

லின்


ரிச்மண்ட்
26 மார்ச் 2012

லின்,

இடம் கிடைத்தது என்று படித்தபோது ரொட்டிக்கடையில் எல்லோருக்கும் என் கையால் இனிப்பு ரொட்டி செய்து கொடுத்தேன். உன் கடிதத்தின் மீதியை அன்று படிக்கவில்லை. வேண்டுமென்றேதான். மறுநாள் படித்தேன்.

உன் மேல் கோபம் வந்தது. பேர் சொன்னால் என்ன குடிமுழுகிப் போயிற்று, நான் சொன்னதைத்தானே பிள்ளை செய்கிறாள் என்று பதில்கூட எழுதிவிட்டேன். அதை அனுப்பவில்லை. ராத்திரி படுத்திருக்கும்போது மேலே வீட்டுக்காரரின் பையன் பந்து தட்டி விளையாடினான். முதலில் அவனைத் திட்டினேன். பிறகு ஏனோ மூர்னி ஞாபகம். அந்தப் பலகையை அங்கே போடச் சொன்னது யார்? தச்சனைக் கூப்பிட்டு அளவு சொன்னது நான்தான். அவள் உயரத்தை அளக்காமல் மெஷினின் நீளத்தை அளந்து கொடுத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அது என் நினைவுக்கு வந்ததில்லை, லின். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து முடிவு செய்தேன். அவளை மாற்ற வேண்டாம். தம்பியின் அறையை அவளுக்குத் திறந்துவிடலாம். பையனிடம் கேட்டேன். "என் ரோபோவத் தொடக்கூடாது, மத்தபடி சரி" என்றான்.

இதை ஹேதுங்கிடம் நானே சொல்ல நினைத்தேன். அவள்தானே முதலில் அந்தப் பலகையைப் பற்றிப் பேசியவள்? கேட்டால் துள்ளிக் குதிப்பாள், அம்மாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவளாகவே சொல்வாள் என்று ஆசைப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், மூர்னிக்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை.

நேற்றுப் போன் செய்தேன். இடம் கிடைத்ததிலிருந்து என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள், பழக்கத்துக்கு. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பாள் என்று நினைத்து, "என்னடா கண்ணு?" என்றேன்.

"ஹெல்பருக்கு எதுக்கும்மா தனி ரூம்?" என்றாள். "அத எனக்குப் படிக்கக் குடுங்க. அவளுக்கு அந்தப் பலகை பழகிடுச்சு."

பக்கத்தில் மூர்னி இருக்கிறாளா என்று மட்டும் கேட்டேன். "இருக்கா, தரை துடைச்சிட்டிருக்கா. அவளுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றாள். 'ஹெல்பர்' அவளுக்குப் புரியும், லின். அந்தச் சொல்லை அவள் காதுபடத்தானே நாம் ஒரு மாதம் பிள்ளைக்குப் பழக்கினோம்?

கடிதம் கிடைத்ததும் வீட்டுக்குப் போய்த் தம்பியின் அறையைத் திறந்துவிடு. ஹேதுங் குறுக்கே நின்றால் நான் சொன்னதாகச் சொல். அழுதால் அழட்டும். பலகையை உடைத்துப் போடச் சொல். என் மகளிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அவள் பேசியது இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அத்தனையும் ஆங்கிலத்தில் சொன்னாள், ஒரு பிழைகூட இல்லை.

சுக்ஹான்